வராதீங்க மாமா

என் சித்தி பூகம்பத்தைப் படித்தவள். அம்மாவுக்கு நேர் இளையவள். மீன் காய்ந்த வாசலில் வளர்ந்து, பொன்னேரிக்குப் பஸ் ஏறி, பிறகு சென்னை, பிறகு எங்கெங்கோ போய், நில அதிர்வு அலைகளை ஆராயும் வேலையில் சேர்ந்தாள். எனக்குப் பத்து வயதானபோது, பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் எங்கள் பசியாவரத்துக்கே திரும்பி வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கம் குழி வெட்டி, குண்டான் அளவில் ஒரு கருவியைப் புதைத்துவிட்டு எங்களோடு தங்கிவிட்டாள். தூரத்துப் பூகம்பத்தின் அலை எங்கள் ஏரிச் சேற்றுக்கும் மணலுக்கும் வந்து சேரும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

அந்தக் கருவிக்குக் காது அதிகம். கரையில் கடல் விழுவதும், தெருவில் யாராவது மீன்கூடையை இறக்குவதும் அவள் லேப்டாப்பில் கோடாக ஓடும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத நான் அந்தக் கோட்டை நாளெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா நிலநடுக்கம், இன்னிக்கு எத்தினி வாட்டி குதிச்ச?" என்பாள்.

அவளும் சும்மா உட்காருகிறவள் இல்லை. சோற்றுத் தட்டோடு எழுந்துபோய்த் திரையைப் பார்ப்பாள். மாதக்கணக்கில் பெரிதாக எதுவும் வரவில்லை. சுனாமியைப் பார்த்த ஊர் எங்களுடையது. மெஷின் முன்கூட்டியே சொல்லிவிடும் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தாள். சித்தி எத்தனை முறை மறுத்தும் யாரும் நம்பவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். என் அப்பா, நைனா, காலையிலேயே மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். அண்டாத் தண்ணீர் யாரும் தொடாமலே சிலிர்த்தது. சித்தி லேப்டாப்புக்கு ஓடினாள். கோடு திரையின் மேலும் கீழுமாக அடித்துக்கொண்டிருந்தது.

"நான் குதிக்கல சித்தி," என்றேன். அவள் காதில் விழவில்லை.

சற்று நேரத்தில் அவள் ஆபீசிலிருந்து போன். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பெரிய பூகம்பம்.

"அலை வருமா?" என்றாள் அம்மா.

"தெரியாதுக்கா."

"இத்தினி வருசம் படிச்சது இன்னாத்துக்கு?"

"வந்தாலும் இன்னும் நேரம் இருக்கு. இப்பவே அக்கரைக்குப் போயிடலாம்."

அம்மா துணிமணி எடுக்க உள்ளே ஓடினாள். சித்தி வேலிப் பக்கம் போய்ப் போனில் பேசினாள். நான் பின்னாலேயே போனேன்.

"மாமா, கரைக்கு வராதீங்க. முகத்துவாரத்துப் பக்கமே வராதீங்க. எவ்ளோ ஆழத்துக்குப் போவ முடியுமோ அவ்ளோ போயி அங்கியே நில்லுங்க."

அவள் மாமா என்று கூப்பிடுவது நைனாவை மட்டும்தான்.

ஊரே படகுகளில் ஏறியது. லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி சித்தி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாள், நைனாவைக் கடலில் விட்டுவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழவேற்காட்டு பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், அம்மாவின் சேலையை இழுத்துச் சொல்லிவிட்டேன்.

"நைனாவ வரவேணாம்னு சித்தி போன்ல சொல்லிச்சு. கடல்லியே நில்லுன்னுச்சு."

அம்மா சித்தியை ஓங்கி அறைந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி கன்னத்தைத் தொடவில்லை.

"ஆழத்துல அந்த அலை தெரியவே தெரியாதுக்கா. படகு லேசா ஏறி எறங்கும், அவ்ளோதான். கரைகிட்ட வந்தாதான் அது எழுந்து நிக்கும்."

"உன் புருசனா இருந்தா இப்டி சொல்லுவியா?"

கல்யாணமாகாத சித்தி ஒரு கடையின் சுவரோரம் போய் நின்று, யாருக்கோ போன் போட்டபடியே இருந்தாள்.

அலை வரவில்லை. பயம் விலகி எல்லோரும் ஊர் திரும்பினோம். பொழுது சாயும் நேரத்தில் நைனாவின் படகும் வந்தது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்து உதடு வெடித்திருந்தது. பிடித்த மீன் பாதி கெட்டுப்போயிருந்தது. அலை வராததால், சித்தி சொன்னது சரிதான் என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லாமல் போயிற்று. அந்த மாதமே கருவியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனாள். அம்மா அவளிடம் பழையபடி பேசப் பல வருடங்கள் ஆயின. அன்று பதிவான கோட்டை வைத்துத்தான் சித்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாள், பேர் வாங்கினாள். பூகம்பத்தின் அலைகளுக்கு நடுவே பொடிப்பொடியாகத் தெரிந்தவை படகுத்துறைக்கு ஓடிய எங்கள் கால்கள் என்று வெகுகாலம் கழித்து எனக்குக் காட்டினாள்.

அன்று நைனா படகைவிட்டு இறங்கும்போது அவர் போன் ஓயாமல் சத்தம் போட்டது. சிக்னல் இல்லாத நேரத்தில் வந்த அழைப்புகளைச் சொல்லும் மெசேஜ்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

"எல்லாம் உங்க சித்திதான். எத்தினி வாட்டி கூப்ட்டுகிது பாரு," என்று என்னிடம் காட்டினார்.

அத்தனை முறையும் வராதீங்க என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். துறையில் தள்ளி நின்று நைனாவையே பார்த்துக்கொண்டிருந்த சித்தியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.