நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி

"மூளை எங்கயும் ஓடிடாது. முதல்ல நெஞ்சைக் காட்டுங்க!" என்று அதட்டியபடியே மூம்புவா, மயக்க மருந்தில் துவண்ட நாயைக் குண்டுக்கட்டாகத் தூக்கி எக்ஸ்ரே மேசையில் கிடத்துகிறாள். நைரோபியின் அந்த விலங்கு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக இதே அதட்டல்தான். வேறெங்கோ பிறந்த புற்று மூளைக்கு ஏறியிருந்தால், பெரும்பாலும் நுரையீரலிலும் அது தென்படும்.

ஈயக் கவசத்தைக் கழற்றாமலே தேநீர் குடிப்பாள். மனிதர்களிடம் எரிந்து விழுவாள், நாய்களிடம் தன் தாய்மொழியான கம்பாவில் கொஞ்சுவாள். யாராவது டாக்டர் என்று அழைத்துவிட்டால் பொல்லாத கோபம் வரும். "நான் படம் புடிக்கிறவ. டாக்டர் அந்தா, கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க."

இன்றைய நாய் கரானி. யானைத் தந்தத் திருடர்கள் ஒன்பது பேரை மோப்பம் பிடித்தே சிறைக்குள் தள்ளியவன். மூன்று வாரமாக வலிப்பு. ஸ்கேனில், மூளை உறையின் மேல் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அது தனிக்கட்டி என்றால் அறுவை, நெஞ்சிலும் இருந்தால் இப்போதே கருணைக்கொலை ஊசி. அதற்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான் கரானியை வளர்க்கும் வனக்காவலன் லெமயான், மாடு மேய்க்கும் மாசாய் இனத்தவன்.

படம் திரையில் விழுகிறது. வலது நுரையீரலில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு புள்ளி.

"பரவிடுச்சு," என்கிறார் இளம் டாக்டர் ஒமோண்டி. ஊசித் தட்டு வருகிறது. லெமயான் நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, "வலிக்காம போடுங்க," என்கிறான்.

"பொறுங்கய்யா!" மூம்புவா திரையில் விரலை வைக்கிறாள். "ஓரம் பாருங்க, எவ்வளவு பளிச்னு இருக்கு! உள்ள இருக்குற கட்டி இப்படித் தெரியாது. இது தோலுக்கு மேல இருக்குற ஏதோ ஒண்ணு." நாயின் ரோமத்தை எதிர்த்திசையில் கோதிக்கொண்டே அவள் விரல்கள் ஓடுகின்றன. வலது முன்னங்காலுக்குப் பின்னால் சட்டென்று நிற்கின்றன. இரத்தம் குடித்து உப்பிய ஓர் உண்ணி!

"மாட்டுக்கெல்லாம் மருந்து தெளிப்பீங்க, நாயை மறந்துட்டீங்களாக்கும் மாசாய்க்காரரே?"

"அவன் எல்லாப் புதர்லயும் பூந்துடுவான், அக்கா..."

உண்ணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று பக்கமும் திருப்பிப் படம் எடுக்கிறாள். புள்ளி இல்லை. ஒமோண்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். எங்குமே இல்லை! மூம்புவா ஊசித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, மழிக்கும் கருவியை எடுத்து, கரானியின் இரண்டு காதுகளுக்கும் நடுவே வைத்து ஓட்டத் தொடங்குகிறாள்.