பழனி நடையும் அவித்த முட்டையும்

புதுச்சத்திரம் நெடுஞ்சாலையில் எங்கள் மாதா கோயிலைத் தாண்டித்தான் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் போவார்கள். சென்ற தை மாதம் அவர்களுக்குச் சாப்பாடு போட அந்தக் கோயில் பங்கு மக்களாகிய நாங்கள் முடிவெடுத்தோம். சமையல் என் பொறுப்பு. நாமக்கல்காரி சும்மா விடுவேனா? தக்காளிச் சோற்றின் மேல் ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்தேன். தவக்கால வெள்ளியில் நாங்கள் இறைச்சியைத்தான் விடுவோம், முட்டையை அல்ல. அதே கணக்கை அவர்களுக்கும் போட்டுவிட்டேன்.

முதலில் வந்த பச்சை வேட்டிக்காரர் கைகூப்பினார்.

"மாலை போட்டிருக்கறேனுங்க. முட்டை ஆகாதுங்க."

"அப்ப வேறென்னங்க வேணும்?"

"காலு எரியுதுங்க. சுடுதண்ணி கெடைக்குமுங்களா?"

பெரிய வியாழனன்று பங்குச் சாமியார் மக்களின் பாதம் கழுவும் பித்தளைத் தாம்பாளத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்தேன். வெந்நீர் ஊற்றிக் கல்லுப்புப் போட்டேன். சாமியார் ஓடி வந்தார்.

"அது பெரிய வியாழனுக்கு வச்சதும்மா!"

"அன்னைக்கு நீங்க கழுவறதெல்லாம் ஊட்டுலயே கழுவிட்டு வந்த காலுங்க, ஃபாதர்" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பச்சை வேட்டிக்காரரின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.