ஒரே கோயில், ஒரே மைக், இரண்டு தெரு

மைக் செட்காரனுக்கு ஊரில் எல்லாரும் வேண்டியவர்கள். ஊரில் யாருக்கும் அவன் வேண்டியவன் இல்லை. கோயில் கோயிலாக ஒயர் இழுத்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரம். ஒரே மாதா கோயில், பூசை வைக்க ஒரே பங்குச்சாமி. தெரு மட்டும் இரண்டு. மேலத்தெருவில் நாட்டுப்படகுக்காரர்கள், கீழத்தெருவில் விசைப்படகுக்காரர்கள். உன் படகு என் வலையை அறுத்துவிட்டது என்று கடலில் தொடங்கிய சண்டை கோயில் பெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. முன்பு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று உட்கார்ந்தவர்கள், இப்போது மேலத்தெருப் பக்கம், கீழத்தெருப் பக்கம் என்று உட்காருகிறார்கள். நான் மேலத்தெரு. என் மனைவி ரோஸ்லின் கீழத்தெரு. வீட்டிலும் நிம்மதி கிடையாது.

குழாய்க்கும் தெரு உண்டு

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் கோபுரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே சந்தியாகு வந்து நின்றார். கீழத்தெருத் தலைவர், விசைப்படகு முதலாளி. மேலத்தெருவைப் பார்த்து ஒரு குழாய் கூடுதலாக இருக்கிறதாம். அந்தத் தெரு நீளம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒன்றை அவிழ்த்துக் கீழத்தெருப் பக்கம் திருப்பினேன்.

முடிச்சைக்கூட இறுக்கவில்லை, மேலத்தெருத் தலைவர் மரியதாஸ் வந்துவிட்டார். சந்தியாகுவின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டியவர் இவர். மச்சான்மார் இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம். திருப்பியதைத் திருப்பு என்றார். வெயிலில் மண்டை காய்ந்துபோய், அந்த ஒரு குழாயைக் கடலைப் பார்க்கக் கட்டிவிட்டேன். அன்று மாலை, நாமெல்லாரும் ஒரே உடலின் உறுப்புகள் என்று சாமி உருகி உருகிப் பிரசங்கம் வைத்தார். அதில் ஒரு பங்கு மீனுக்குப் போனது. மரியதாசுக்குப் பரம திருப்தி.

"மீன் கேட்டாலும் பரவாயில்ல. அவன் தெருவு கூடுதலாக் கேக்கக் கூடாது."

நீல உறை

ஒற்றுமைக்காக ஒரு ஞாயிறு வைத்தார் சாமி. தெருவுக்கு ஒரு பெண் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க வேண்டும். மேலத்தெருவுக்கு மரியதாசின் மனைவி மோட்சம். கீழத்தெருவுக்குச் சந்தியாகுவின் மனைவி ஸ்டெல்லா. நாத்தனாரும் மதினியும் அடுத்தடுத்து நின்று வாசித்தால் ஊரே இளகிவிடும் என்று அவர் கணக்கு. ஊருக்குப் புதுச் சாமி, பாவம்.

மோட்சம் வாசித்துவிட்டு இறங்கினாள். ஸ்டெல்லா ஏறினாள். கைக்குட்டையை எடுத்து மைக்கைத் துடைத்தாள். அவள் துடைத்த கரகரப்பு கோயில் முழுக்கக் கேட்டது. அப்புறம் மைக்கை ஒதுக்கிவிட்டு வெறும் வாயால் வாசித்தாள். முதல் பெஞ்சைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அன்பைப் பற்றிய வாசகம் அது. மறுவாரமும் அவர்களையே வாசிக்கச் சொன்னார் சாமி. நான் புத்திசாலித்தனமாக மைக்குக்கு இரண்டு ஸ்பாஞ்சு உறை வாங்கி வந்தேன், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. ஆளுக்கொன்றை மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் நீலம்தான் வேண்டுமாம். மோட்சம் என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டாள்.

"நீலம் மாதாவுக்கு உள்ளது, அது எங்களுக்கு. செவப்ப அவளுக்குக் குடு, அவ கண்ணுக்குப் பொருத்தமா இருக்கும்."

சமாதானம்

பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று உண்டல்லவா? அன்றைக்குச் சாமி ஒரு படி மேலே போனார். எல்லாரும் பெஞ்சை விட்டு வெளியே வாருங்கள், எதிர்ப்பக்கம் போய்க் கைகொடுங்கள் என்றார். மெல்லிய இசை போடச் சொல்லி எனக்குச் சைகை. போட்டேன். சனம் எழுந்தது. அவரவர் பொண்டாட்டியைப் பார்த்துக் கும்பிட்டது, பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டது, உட்கார்ந்தது. நடைபாதை காலியாகவே கிடந்தது. பாட்டு மட்டும் அதில் அங்கும் இங்கும் உலாத்தியது. சாமி மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"நிப்பாட்டுப்பா. அத யாருக்காகப் போடுத?"

காற்று

ஆடிக் காற்று கூடியிருந்த ஒரு காலை. விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. காற்று ஏறுமுன்னே போன நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, மரியதாசின் மகன் ஜெரால்டு போன படகைத் தவிர. அவனோடு இன்னும் இரண்டு பேர். போன் கிடைக்கவில்லை. மோட்சம் தலைவிரிகோலமாகக் கோயிலுக்கு வந்தாள். நான் ஆம்ப்ளிபையரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். மீன்பிடி விசயம் எதையும் கோயில் மைக்கில் பேசக் கூடாது என்று சண்டைக்குப் பிறகு பங்குப்பேரவை விதி போட்டிருந்தது. பேரவைச் செயலாளர் அதை ஞாபகப்படுத்த வாய் திறந்தார். நான் சுவிட்சைப் போட்டு மைக்கை மோட்சத்திடம் கொடுத்தேன். அவள் உதவி கேட்கவில்லை, ஊரைக் கூப்பிடவில்லை. "அண்ணே, ஜெரால்டு இன்னும் வரலண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

சந்தியாகு சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடினார் என்று பின்னால் சொன்னார்கள். நான் துறைக்குப் போனபோது அவர் விசைப்படகு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கரையில் மரியதாஸ் மரம் மாதிரி நின்றார். "ஏறும்" என்றார் சந்தியாகு. ஏறினார். அதன்பின் இரண்டு தெருப் பெண்களும் ஒரே மணலில் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். ஸ்டெல்லா முந்திச் சொல்ல, மோட்சம் அவள் தோளில் சாய்ந்து பிந்திச் சொன்னாள். காற்றில் பாதி வார்த்தை அடித்துக்கொண்டு போனது. அந்த இரண்டு பேர் குரலும் சேர்ந்து ஒலித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உச்சிக்கு மேல் விசைப்படகு வந்தது. பின்னால் கயிற்றில் நாட்டுப்படகு. அதன் எஞ்சின் நின்றுபோய், காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். மோட்சம் மகனை முதலில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். மடையன் நான், சண்டை ஒழிந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மரியதாஸ் மச்சானுக்கு எதிரே போய் நின்றார். சந்தியாகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் பேசினார்.

"பிள்ள வந்தாச்சு. இனி அவரவர் சோலியப் பாப்போம்."

நன்றிப் பூசை

அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை. அதை யார் பேரில் வைப்பது? பிழைத்தது என் மகன் என்றார் மரியதாஸ். பிழைக்க வைத்தது என் படகு என்றார் சந்தியாகு. ஊர் மக்கள் பேரில் வைக்கலாமே என்றார் சாமி. அதற்கு மட்டும் இரண்டு தெருவும் ஒன்றுசேர்ந்து, முடியாது என்றன.

கடைசியில் காலையில் மேலத்தெருவுக்கு ஒரு பூசை, மாலையில் கீழத்தெருவுக்கு ஒரு பூசை. ஒரே ஆண்டவருக்கு ஒரே நாளில் இரண்டு முறை தனித்தனியாக நன்றி. காப்பாற்றப்பட்டவன் என்பதால் ஜெரால்டு இரண்டுக்கும் முதல் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. காலையில் அப்பா எடுத்த சட்டை, மாலையில் மாமா எடுத்த சட்டை. எல்லாம் முடிந்து நான் ஒயரைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சித்தப்பா, கடல்லயே கெடந்திருந்தா ஒரு பூசையோட முடிஞ்சிருக்கும்."

எங்கள் பங்கில் ஒற்றுமை இல்லையென்று வெளியூர்க்காரர் யாரும் சொல்லிவிடக் கூடாது. நிச்சயமாக உண்டு, கரையேறியதும் செத்துப்போகிற ரகம்.