நாற்காலிக்குச் செருப்புத் தைத்த கதை

தரை போடுகிறவனின் வேலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குனிந்துதான் பார்க்கிறார்கள், அதுவும் குறை கண்டுபிடிக்க. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, மிச்சப் பசையை நகத்தால் சுரண்டி, நகம் போயும் பசை போகாமல் உட்கார்ந்தவரா நீங்கள்? வாருங்கள், நாம் ஒரே கட்சி.

அட்டைத் தரை

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். மர மாதிரி இருக்கும் லேமினேட் தரையைத் திண்டுக்கல்லில் 'அட்டை' என்றுதான் சொல்வார்கள். மதுரை காண்ட்ராக்டர் பாண்டியண்ணன் என்னை முதன்முதலாகத் தனியாக அனுப்பிய வேலை, பழனி ரோட்டில் அந்தோணி மாஸ்டரின் கம்ப்யூட்டர் சென்டர். மாஸ்டர் அதுவரை அதே இடத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர்.

பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி இரண்டே நாளில் முடித்தேன். மயிரிழை இடைவெளி கிடையாது. நானே சொல்லக்கூடாது, வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பாண்டியண்ணன் வந்து பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும், திண்டுக்கல் பக்கத்த வேற ஆளுக்குக் குடுத்திருவேன், பாத்துக்க."

கறுப்புக் கோடுகள்

ஆறு மாதம் கழித்து மாஸ்டர் கம்ப்யூட்டர்களை இடம் மாற்றினார். ஒயர்களைத் தரையோடு சேர்த்து பிரவுன் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் கால் தூசி அதில் அப்பி, அறை முழுக்கக் கறுப்புக் கோடு. பாண்டியண்ணனுக்குப் போன் போடாமல் எனக்குப் போட்டார், நல்ல மனுஷர்.

பெயின்ட் தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். பசை இளகி இன்னும் அகலமாகப் பரவியது. ஆத்திரத்தில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன். பசை போனது. பலகையின் பளபளப்பும் கூடவே போனது. உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் வெளுத்துவிட்டது. திண்டுக்கல் கைவிட்டுப் போனதாகவே நினைத்தேன். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

"ஏப்பா, அழுக்க எடுக்கச் சொன்னா தரையையே எடுத்துட்டியேப்பா!"

பலாப்பழம் சொன்ன வழி

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒருவர் சிறுமலைப் பலாப்பழம் விற்றுக்கொண்டு போனார். பலா அறுக்கிறவன் கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய்தானே தடவுவான்! ஓடிப்போய் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்தேன்.

துணியை எண்ணெயில் நனைத்துக் கோட்டின்மேல் கால்மணி நேரம் போட்டுவைத்தேன். பிறகு பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்துத் தள்ளினால் பசை சுருண்டு சுருண்டு வருகிறது. தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, ஒட்டப் பிழிந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, உடனே காய்ந்த துணி. இந்தத் தரைமேல் தண்ணீரை ஊற்றினால் உப்பிவிடும், நினைவிருக்கட்டும். சாயங்காலத்துக்குள் ஒரு கோடு மிச்சமில்லை. மாஸ்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு காலி பாட்டிலைப் பார்த்தார்.

"இம்புட்டு எண்ணெய என் தலைக்கு வச்சிருந்தா, நான் இப்படி ஆயிருப்பனாப்பா?"

மாற்றுப் பலகை

வெளுத்த இடம் அப்படியே இருந்தது. மிச்சப் பலகை ஒன்று என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாவியை என்னிடம் தந்துவிட்டு மாஸ்டர் சர்ச்சுக்குப் பூசைக்குப் போனார். சுவர் ஓரத்திலிருந்து ஆறு வரிசையை ஒவ்வொன்றாகக் கழற்றி, கெட்ட பலகையை எடுத்து, புதியதைப் பூட்டி, ஆறு வரிசையையும் திரும்ப மாட்டினேன். மாஸ்டர் திரும்பி வந்து முழங்கால் போட்டுத் தேடினார். பத்து நிமிஷம் தேடினார்.

"எந்தப் பலகைன்னு நீயே சொல்லிடுப்பா, கோயில்லகூட நான் இம்புட்டு நேரம் முட்டி போடல."

நாற்காலிச் செருப்பு

அடுத்த எதிரி நாற்காலி. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளைகள். 'தள்ளு, தள்ளு' என்று நாள் முழுக்க இழுப்பு. இரும்புக்கால் நாற்காலியின் ரப்பர் மூடி தேய்ந்து, கம்பி எட்டிப்பார்த்து, தரையைக் கீறப் பார்த்தது. காலுக்கு அடியில் கம்பளித் துண்டைப் பசை போட்டு ஒட்டினேன். வெயிலுக்குப் பசை இளகி, கம்பளி நகர்ந்து, தரையில் மறுபடியும் பசை. பசை எடுக்க வந்தவனே பசை பூசிய பெருமை எனக்கு மட்டும்தான்.

பிறகு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கும் நண்பனிடம் மெத்தென்ற தோல் துண்டுகளை வாங்கினேன். சுருக்குப்பை மாதிரி தைத்து, உள்ளே கம்பளி வைத்து, நாற்காலிக் காலில் மாட்டி நாடாவால் இறுக்கிவிட்டேன். பசையே வேண்டாம். சனிக்கிழமைதோறும் கழற்றி மண்ணை உதறினால் போதும். முப்பது நாற்காலி, நூற்றிருபது செருப்பு. திங்கட்கிழமை, நிலக்கோட்டையிலிருந்து படிக்க வரும் பெண் தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"நாங்க வெறுங்காலோட வாரோம், சேருக்கு மட்டும் செருப்பா சார்?"

சும்மா இருக்காத வாய்

ஒரு வருஷம் கழித்துப் பாண்டியண்ணன், கிளினிக்குக்குத் தரை போட நினைத்த ஒட்டன்சத்திரம் டாக்டரம்மாவை அழைத்துவந்து இந்தத் தரையைக் காட்டினார். "போட்ட நாள்லேருந்து ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பேசாமல் நின்றிருந்தால் கதை முடிந்தது.

என்னால் முடியவில்லை. ஆறு வரிசையைக் கழற்றி மாட்டிய வேலையை ஒருவருமே பார்க்கவில்லையே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. "இதுல ஒரு பலகைய மாத்தியிருக்கேன், எதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றேன். பாண்டியண்ணன் முகம் சிவந்தது. "எதுக்கு மாத்துன?" கம்பி நார் வரைக்கும் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. எழுந்து பாண்டியண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கெடுத்ததைச் சொல்லிப்போட்டு, தடமே தெரியாமச் சரி பண்ற இந்தத் தம்பியவே எங்களுக்கும் அனுப்புங்க."

திண்டுக்கல் பக்கம் இன்றுவரை என் கையில்தான் இருக்கிறது என்றாலும், எந்தப் பசையையும் எடுக்க வழி கண்டுபிடித்த எனக்கு, என் வாயை ஒட்டிவைக்க ஒரு பசை மட்டும் இன்னும் அகப்படவில்லை.