பஸ்ஸை நிறுத்துகிறவர்

நவம்பர் 19, புதன், காலை 6.50. மெல்லிய தூறல். பல்லடம் அருகே மகள் ஊரிலிருந்து கோவைக்குக் கிளம்பியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு எனக்குக் கண் ஆபரேஷன். டீக்கடை வாசலில் டீயோடு நின்று எண்ணுகிறேன். மூன்று பஸ்கள் நிற்காமலே போய்விட்டன.

"பதறாதீங்க, தலைவர் வந்துருவாருங்க," என்கிறார் டீக்கடைக்காரம்மா. பட்டாளத்திலிருந்து திரும்பி, ஐந்து முறை ஊராட்சித் தலைவராக இருந்தவராம். இந்த நிறுத்தத்தை வாங்கித் தந்ததும் அவர்தானாம். "போன எலெக்‌ஷன்ல நாங்களே தோக்கடிச்சுப்போட்டமுங்க," என்று சிரிக்கிறார்.

சரியாக ஏழு மணிக்கு வருகிறார். நரைத்த மீசை, இடது கால் சற்று இழுக்கிறது. நான்காவது பஸ் கண்ணில் பட்டதும் ரோட்டில் இறங்கி, அட்டென்ஷனில் நின்று கையை நீட்டுகிறார். பஸ் நிற்கிறது.

"தோற்ற பிறகும் தினமும் எதற்குங்க இந்த வேலை?" என்று கேட்கிறேன்.

"எனக்கு ஓட்டுப் போடாதவங்களும் வேலைக்குப் போகோணுமில்லீங்க? பேசாம ஏறுங்க, டிரைவர் மொறைக்கறான்."

ஏழு பேர் ஏறுகிறோம். டிரைவருக்கு ஒரு சல்யூட் வைக்கிறார். ஜன்னலிலிருந்து நானும் அவருக்கு ஒன்று வைக்கிறேன்.

எனக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது. ஆனாலும் என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார். ஆக மொத்தச் செலவு, டிக்கெட் முப்பது ரூபாய்.