பதினாலாம் கதவின் மேல் வானம்

காலை ஒன்பது மணி. நயாகராவுக்கு இரண்டாந்தரமாகப் புறப்பட்ட எங்களை, கனடாவில் யூனியன்வில்லிலுள்ள தம்பி வீட்டு வாசலிலேயே மழை மறித்தது. மறுநாள் மாலை எனக்கு விமானம். தம்பி நேசனுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். தண்ணீர் கொட்டுவதை ஒருதரம் பார்த்தால் போதாதா?

நான் எங்கள் ஊர் கொக்குவிலிலிருந்து வந்தது அருவி பார்க்க அல்ல. நேசன் பிறம்ரன் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய சரக்குக் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிறான். பதினெட்டு வருடமாக அவன் அனுப்பிய படங்களிலெல்லாம் பின்னால் நயாகரா, முன்னால் அதை மறைத்துக்கொண்டு அவன். வேலையிடத்தின் படம் ஒன்றுகூட வந்ததில்லை. வந்த மூன்று கிழமையாக, கூட்டிப்போய்க் காட்டு என்று நச்சரிக்கிறேன். "அங்க பாக்க என்னக்கா கிடக்கு? பெட்டியும் லொறியும்தான்," என்று தட்டிக்கழித்தான். அவன் கனடாவில் மனேச்சர் என்று ஊரில் நாங்கள் சொல்லிக்கொள்வது அவன் காதுக்கும் எட்டியிருக்கும். பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று நானும் வீம்பு பிடித்திருந்தேன்.

பதினொரு மணி. மழைக்கு ஒதுங்கவென்று முப்பது கிலோமீற்றர் ஓடி, நகரத்தின் நடுவே ஓர் ஓவியக்கூடத்துக்குப் போனோம். ஆளுக்கு முப்பது டொலர். அந்தக் காசுக்கு இருவரும் வயிறு முட்டக் கொத்துரொட்டி சாப்பிட்டிருக்கலாம் என்று நேசன் முணுமுணுத்தான்.

ஓர் அறை முழுக்க ஒல்லாந்து நாட்டு நிலக்காட்சி ஓவியங்கள், முந்நூறு வருடத்துக்கு மேல் பழையவை. மலையில்லை, அருவியில்லை. ஒரு படத்தில் முக்கால்வாசி வெறும் மேகம். கீழே தட்டையான வயல், புல்லில் துணி விரிக்கும் பெண்கள், வைக்கோல் வண்டி, முதுகைக் காட்டி நடக்கும் ஒரு மனிதன். அவன் என் சுண்டுவிரல் நகமளவுதான் இருப்பான். நேசன் வழக்கம்போல அதன் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். நானும் போனைத் தூக்கினேன். காவலுக்கு நின்ற பெண் சிரித்தபடி வந்து, படத்தை மறைக்கிறீர்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார். அசடு வழிய விலகியவன் அப்போதுதான் திரும்பிப் படத்தைப் பார்த்தான். பார்த்தவன் அசையவில்லை.

"அக்கா, உந்த வண்டியில பாரம் பிழையா ஏத்திக் கிடக்கு. வளைவில சரியும்," என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனோ ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போனான். ராசாவையும் காணவில்லை, சாமியையும் காணவில்லை, வேலைக்குப் போகிற சனத்தையா இவ்வளவு மினைக்கெட்டுப் படமாகக் கீறியிருக்கிறார்கள் என்று வியந்தான்.

"கீறினவன் வெக்கப்படேல்லை. நீதான் வெக்கப்படுறாய்," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டரை மணி. மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வடக்கே திரும்பவேண்டிய கார் மேற்கே ஓடியது. கேட்டால் மனம் மாறிவிடுவான் என்று நான் வாயே திறக்கவில்லை. நாற்பது கிலோமீற்றர் கழித்து, முடிவேயில்லாத ஒரு சாம்பல் நிறக் கட்டடத்தின் பின்புறம் நிறுத்தினான். வரிசையாக, பாரம் ஏற்றி இறக்கும் இலக்கமிட்ட கதவுகள், லொறிகள், ஈரத் தார்த்தரை. அதற்கு மேல், அம்மாடி, எவ்வளவு வானம்! வெளுத்த துணி போல மேகங்கள், நடுவே வெயில், தேங்கிய தண்ணீரிலும் அதே வெயில்.

"பதினாலாவதுதான் என்ர கதவு," என்றான் நேசன். பனிக்காலத்தில் அந்தக் கதவு உறைந்துபோவதையும், விடியற்காலையில் அதைத் திறக்கும்போது வெளிச்சம் உள்ளே விழுவதையும் நான் கேளாமலே சொன்னான். இத்தனை கதை இவனிடம் இருந்ததா!

தன் போனைத் தந்து படம் எடுக்கச் சொல்லிவிட்டுப் பழக்கதோசத்தில் என் முன்னால் வந்து நின்றான். பிறகு தானாகவே திரும்பி, கதவை நோக்கி நடந்துகொண்டே போனான். தூரத்திலிருந்து கேட்டான்: "அக்கா, படத்தில வானம் முழுக்க விழுதோ?"

விழுந்தது. அவன் நகமளவு விழுந்தான். காருக்குள் வந்ததும் அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே 'என்ர வேலையிடம்' என்று எழுதினான்.

மறுநாள் மாலை விமானம் மேலெழும்பியபோது கீழே நூறு தட்டைக் கூரைகள். எது அவனுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பரவாயில்லை. இனி அவன் போனில் "வேலைக்குப் போறன் அக்கா" என்றால், எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும்.