வீடு வரை வந்த மருந்துச் சாக்கு

பிள்ளைகளே, இது எழுபதுகளின் நடுவில், இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது. அப்போது நான் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வேலையில் இருந்தேன். முதுகில் சுமக்கும் மருந்து டாங்கி உறுத்தாமலிருக்க, அடியில் ஒரு சாக்கை மடித்துக் கட்டிக்கொள்வோம். டாங்கி ஒழுகினால் மருந்தெல்லாம் அந்தச் சாக்கில்தான் ஊறும்.

வேலை முடிந்ததும் டாங்கி, சாக்கு, கைகால் எல்லாவற்றையும் ஸ்டோரடியில் தண்ணீர் விழும் பீலியில் கழுவி, சாமான்களை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வீடு போக வேண்டும். எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்ப்பார். தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர்களை நான் கேலி செய்வேன்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கவா போறீங்க?"

ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கணக்கப்பிள்ளையும் அங்கே இல்லை. டாங்கியை மட்டும் வைத்துவிட்டு, சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடினேன். காயட்டும் என்று அதை அடுப்போரம் விரித்தேன். நாலு வயது மகள் குளிருக்கு அதன்மேல் சுருண்டு படுத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் எழுப்பினால், பிள்ளைக்கு வாயெல்லாம் எச்சில் வழிகிறது. வாந்தி வேறு. மூச்சு இழுக்கிறது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"புள்ளைக்கு என்ன மருந்து குடுத்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மருந்தும் குடுக்கலீங்க ஐயா."

காய்ச்சலுக்குக் குடிக்கும் மருந்தைக் கேட்கிறார் என்றே நினைத்தேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் அதையே சொன்னேன். அதற்குள் பிள்ளையின் கன்னத்தை முகர்ந்து பார்த்த என் மனைவி அலறினாள்.

"ஏங்க, நீங்க அடிக்கிற மருந்து வாடைங்க! அந்தச் சாக்கு!"

கழுவாத சாக்கில் பிள்ளை படுத்திருந்ததை டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் ஊசி போட்டார். பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நான் தூக்கப் போனேன்.

"நீங்க தொட வாணாம். முதல்ல போய்க் குளிங்க" என்று தடுத்தார்.

பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் வாசலில் நின்றேன்.

மூன்றாம் நாள்தான் அவள் கண் விழித்து, "ரொட்டி வேணும்" என்றாள். கழுவுவதற்கு நான் சோம்பல்பட்ட அந்தப் பத்து நிமிஷத்துக்காக மூச்சுத் திணறிக் கிடந்தது நானல்ல, என் பிள்ளை.